வேணி வீட்டுப் புதன்கிழமை

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற மலைப்பாதையை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி சோலைமட்டம் என்றொரு ஊர், அந்த ஊரில் பதினேழு வீடுகள் உள்ள ஒரு தெரு, அந்தத் தெருவில் பதினாறு வீடுகளுக்குத் திங்களும் வெள்ளியும் ஞாயிறும் முறைப்படி வந்துபோய்க்கொண்டிருக்க, பதினேழாவது வீடான கமலவேணியின் வீட்டில் மட்டும் பதினோரு வருடங்களாகப் புதன்கிழமை. பொழுது சாயும், இருட்டும், பனி இறங்கும், மறுபடி விடியும், ஆனால் விடிவது அதே மே மாதம் பதினான்காம் தேதி, அதே புதன். சுவரில் மாட்டிய தினசரி காலண்டரில் அவள் தாளைக் கிழிப்பாள், அடியில் இருக்கும் தாளும் மே பதினான்கு என்றே சொல்லும், பதினோரு வருடம் கிழித்தும் அந்தக் காலண்டர் ஒரு நூல் கூட இளைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் அந்தப் பூதான் காரணம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவும் இல்லை.

நர்சரிக்காரர்கள் அதை டே லில்லி என்பார்கள், சோலைமட்டத்தில் ஒருநாள் லில்லி. புல் மாதிரி நீண்ட இலை, நடுவில் ஒரு பூத்தண்டு, தண்டில் பத்துப் பன்னிரண்டு மொட்டு. ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரே ஒரு நாள்தான் வாழ்க்கை, விடியும்போது விரியும், பொழுது சாயும்போது சுருங்கும், மறுநாள் பக்கத்து மொட்டின் முறை. கமலவேணிக்கு அதை மேட்டுப்பாளையத்து நர்சரியில் வேலை செய்த ஆறுச்சாமிதான் ஒரு செவ்வாய்க்கிழமை கோணிச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது, அப்பா அம்மா இல்லை, வீட்டில் ஒரு தையல் மிஷினும் வீட்டைச் சுற்றி ஒரு தோட்டமும் உண்டு. ஒரு மாதம் முன்னால்தான் அவன் வீட்டார் வந்து அவளுக்குப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கிழங்கு குண்டாக இருந்தது, அவள் அதிலிருந்து இரண்டு கொத்தைப் பிரித்துப் பக்கத்து வீட்டு ரெஜினாவுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை கேட்டுக்கு நேரே, சாணி எருவும் தேயிலைக் கழிவும் போட்டு நட்டாள். கல்யாணம் ஆகாத பெண் தனியாக இருக்கிற வீட்டில் தங்கக் கூடாது என்று ஆறுச்சாமி அன்றிரவு ரெஜினாவின் வீட்டில் படுத்தான். விடிந்ததும் வந்து பார்த்தால் முதல் மொட்டு விரிந்திருந்தது, நல்ல ரோஸ் கலர், தொண்டையில் மட்டும் மஞ்சள்.

"ராசியான செடிங்க," என்றான் அவன். "நாளைக்கு அக்காவையும் மாமாவையும் கூட்டிட்டு வந்தர்றேன். தேதி குறிச்சுப் போடலாம்."

சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் இறங்கிப் போனான். ஒன்பதே காலுக்கு 'இறங்கிட்டேன்' என்று அவள் செல்போனுக்கு ஒரு செய்தி அனுப்பினான். அன்று சாயங்காலம் பூ சுருங்கவில்லை. மறுநாள் காலை அவள் காலண்டர் தாளைக் கிழித்தாள், புதன்கிழமை. ஒன்பதே காலுக்கு போன் ஒலித்தது, 'இறங்கிட்டேன்'.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், கமலவேணிக்குப் புத்தி பேதலிக்கவில்லை. வேலிக்கு வெளியே வியாழன் வந்ததும் போனதும், பிறகு வருடங்கள் வந்ததும் போனதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். ரெஜினா வேலி ஓரம் வந்து நிற்கும்போதெல்லாம் அவள் தலையில் நரை கூடிக்கொண்டே போவதையும், தன் தலையில் ஒன்று கூட இல்லாததையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கோர்ட்டில் வக்கீல் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொள்வதைப் போல அவள் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்: அவர் நாளைக்கு என்றுதான் சொன்னார், நாளை இன்னும் வரவில்லை, ஆகவே அவர் வாக்குத் தவறவில்லை. கேட்டைத் தாண்டி ஓர் அடி வைத்தால் அங்கே வியாழனோ சனியோ இருக்கும், அந்த நிமிஷமே ஆறுச்சாமி ஏமாற்றிவிட்டுப் போனவன் ஆகிவிடுவான். அப்படி ஒரு பெயர் அவனுக்கு வர அவள் விடமாட்டாள். அதனால் அவள் வெளியே போகவே இல்லை, அரிசி பருப்பு, தைக்கத் துணி, ஊர் வம்பு எல்லாம் ரெஜினா மூலமாகவே வந்து சேர்ந்தன. வெளியிலிருந்து வேறெந்த அழைப்பும் அந்த வேலியைத் தாண்டி அவள் போனுக்கு வந்ததில்லை. நாள்தோறும் ஒன்பதே காலுக்கு அவன் பத்திரமாக இறங்கிவிட்டதை அறிந்துகொள்வாள், அது போதும் என்று மிஷினில் உட்கார்ந்துவிடுவாள்.

தெருவுக்கு இது கொஞ்ச நாளில் பழகிவிட்டது, பழகினது மட்டுமல்ல, ருசியும் கண்டுவிட்டது. வேணி வீட்டில் வைத்த பால் திரிவதில்லை. மீன் நாறுவதில்லை. பண்டிகைக்கு முந்தைய நாளே மல்லிகை வாங்கி அவள் கிணற்றடியில் வைத்துவிட்டால் எப்போது எடுத்தாலும் அப்போது பறித்த பூ. ஆனால் தயிர் தோயாது, இட்லி மாவு புளிக்காது, அதை மட்டும் அவள் ரெஜினா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிப் புளிக்க வைத்து வாங்கிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை பத்தரை மணி ராகுகாலத்தில் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டி வந்தவர்கள் அவள் தோட்டத்துக்குள் வந்து போட்டார்கள், அங்கே புதன், ராகுகாலம் பன்னிரண்டுக்குத்தான். சனிக்கிழமை முடிவெட்டிக்கொள்ளக் கூடாது என்கிறவர்கள் அவள் வீட்டுப் பேரிமரத்தடியில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டார்கள். ஒரு வருடம் பெரிய வெள்ளிக்கிழமையன்று நாலைந்து பேர் ஆட்டுக்கறிச் சட்டியோடு உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட, விஷயம் பங்குச் சாமியார் வரைக்கும் போயிற்று. அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்து, வேலிக்குள் புதன்கிழமை என்பது சரிதான், ஆனால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது வயிற்றுக்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிடுகிறதே என்று தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு கறிக்காரர்கள் செரிக்கும் வரைக்கும் வெளியே வராமல் அங்கேயே சீட்டு ஆடினார்கள்.

வேணி ஒருவரையும் வேண்டாமென்று சொன்னதில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள். தன் ஒருத்தியின் காத்திருப்பு ஊருக்கு இத்தனை உபயோகமாக இருப்பதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. எல்லோரையும் விட அதிகமாக அவள் பார்த்துக்கொண்டது ரெஜினாவின் புருஷன் சூசைராஜை. அந்த மே மாதம் டாக்டர் அவருக்கு ஒரு மாதம் கெடு வைத்திருந்தார், வயிற்றில் கட்டி. வேணி வீட்டுப் புதன்கிழமைக்குள் வந்தால் வலி இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவர் தோட்டத்துத் தகர ஷெட்டிலேயே கட்டில் போட்டுத் தங்கிவிட்டார். வெளியே போனால் நாள் செலவாகும், அதனால் அவரும் போவதில்லை. காலையில் நாற்காலியைத் தூக்கிக் கேட்டுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்காருவார், வேணி டீ கொடுப்பாள், அண்ணா அண்ணா என்று உயிரை விடுவாள். பதினோரு வருடத்தில் அவருக்கு ஒரு நாள் கூட வயது ஆகவில்லை, கட்டியும் ஒரு நெல்லளவு கூட வளரவில்லை.

இதற்கிடையில் தெரு முழுக்க ரோஸ் கலர் ஆகிவிட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும், தகர டப்பாவிலும், பிளாஸ்டிக் வாளியிலும், வேலி ஓரத்திலும் ஒருநாள் லில்லி. வேணி தன் வேலிக்குள் நின்றபடியே எட்டிப் பார்த்துப் பூரித்துப்போவாள். தன் செடி புதன்கிழமையில் நிற்பதால் பெருகாது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் செவ்வாய்க்கிழமையே பிரித்து ரெஜினாவுக்குக் கொடுத்த இரண்டு கொத்து இருக்கிறதே, அதிலிருந்துதான் கிழங்கு கிழங்காகப் பிரித்து வீடு வீடாகப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவன் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு செடி ஒரு தெருவையே நிரப்பிவிட்டது. அவன் வரும்போது காட்டுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த நினைப்புத்தான் அவளை எழுத வைத்தது. மலையில் வீட்டுத் தோட்டக்காரர்களின் சங்கம் ஒன்று உண்டு, வருடா வருடம் போட்டி நடத்தும். அந்த வருடம் தெருத் தோட்டத்துக்கென்று தனிப் பரிசு அறிவித்திருந்தார்கள். வேணி விண்ணப்பத்தை வாங்கிவரச் சொல்லி, தன் கையாலேயே நிரப்பி, சிறப்பு என்ற இடத்தில் 'ஒரே கிழங்கிலிருந்து உண்டான தெரு' என்று அழகாக எழுதினாள்.

ரெஜினா அதைப் படித்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதெல்லாம் எதுக்கு வேணி? ஜட்ஜுங்க வந்து நூறு கேள்வி கேப்பாங்க."

"கேட்டா கேக்கட்டும். ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு?"

மற்ற வீடுகளிலும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள், மழை என்றார்கள், நத்தை என்றார்கள், பூ இந்த வருஷம் சின்னது என்றார்கள். தன்னடக்கம் என்று வேணி நினைத்தாள், நல்ல மனசுக்காரி, அப்படித்தான் நினைப்பாள். விண்ணப்பம் பேப்பர் போடுகிறவன் கையில் போய்விட்டது.

நடுவர் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. சடகோபன் என்று பெயர், விவசாயக் கல்லூரியில் முப்பது வருடம் பூச்செடிப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர், குடை, மூக்குக் கண்ணாடி, கையில் ஓர் அட்டை. பதினாறு வீட்டையும் பார்த்து, ரெஜினா வீட்டு வாசலில் ஒரு பூவைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வேணி வீட்டுக் கேட்டைத் திறந்தார். உள்ளே காலெடுத்து வைத்ததும் அவருடைய கைக்கடிகாரத்தில் கிழமை மாறிற்று, பார்த்தார், போட்டி விதிகளில் கிழமையைப் பற்றி ஒன்றும் இல்லை என்று சொல்லி மேலே நடந்தார். தெருவே அவர் பின்னால் வந்து தோட்டத்தில் நின்றது.

அவர் அந்தச் சுருங்காத பூவின் முன் குனிந்தார். கையிலிருந்த பூவை அதன் பக்கத்தில் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பிடித்தார்.

"ஒரே கிழங்குன்னு எழுதியிருக்கீங்களேம்மா."

"ஆமாங்க சார். இதிலிருந்து பிரிச்சதுதான் எல்லாம்."

"இல்லைம்மா. இங்க பாருங்க. உங்க பூவுக்குத் தொண்டை மஞ்சள், இதழ் சுருளு. இதுக்குத் தொண்டை பச்சை, உள்ள சுத்தி ஒரு கருஞ்சிவப்பு வளையம் இருக்கு. ஒரு கிழங்கை ஆயிரம் துண்டாப் பிரிச்சாலும் ஆயிரத்திலயும் ஒரே பூதான் பூக்கும். தெருவுல பதினாறு வீட்லயும் இருக்கறது இந்தப் பச்சைத் தொண்டை. உங்ககிட்ட இருக்கறது வேற செடி." அவர் அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார். "விதையில வந்ததா இருந்தா வீட்டுக்கு வீடு பூ மாறும். இது எல்லாம் ஒரே மாதிரி. ஒரே நர்சரில இருந்து வந்த ரகம்."

வேணி சிரித்துக்கொண்டுதான் ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தாள். "நான் குடுத்தது என்னாச்சு ரெஜி? வேற வாங்கி வெச்சியா?"

"அது முதல் மழையிலயே நத்தை தின்னு போச்சு," என்றாள் ரெஜினா.

"அப்ப இது?"

ரெஜினா தரையைப் பார்த்தாள். வேணி அடுத்தவளைப் பார்த்தாள், அவளும் தரையைப் பார்த்தாள். வரிசையாகப் பதினாறு வீட்டுக்காரர்களும் தரையைப் பார்த்தார்கள், ஏதோ எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரு பொருள் தொலைந்துபோன மாதிரி. மேட்டுப்பாளையத்தில் ஒரு நர்சரி. அவளுக்கு வேறெந்த நர்சரியையும் தெரியாது, இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

"யார் கொண்டாந்தது?" என்று கேட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த சூசைராஜ்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "அவருதான்மா. ஆறுச்சாமி."

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது, ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் எடுத்துச் சொன்னார்கள், பதினோரு வருடம் அடைத்து வைத்த வாய்கள். அவன் வந்தான். சொன்ன மாதிரியே மறுநாள், வியாழக்கிழமை, பத்து மணி பஸ்ஸில், அக்காவோடும் மாமாவோடும், தாம்பாளத் தட்டோடும் வந்தான். கேட்டைத் தள்ளினான், திறக்கவில்லை. ஊரில் யார் தள்ளினாலும் திறக்கிற கேட் அவனுக்கு மட்டும் திறக்கவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனவனை இன்றைக்கு எப்படி உள்ளே விடும்? உள்ளே வேணி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம். அவன் வேணி, வேணி என்று கூப்பிட்டான். அவளுக்கு அவன் அப்போது மேட்டுப்பாளையத்தில் இருந்தான், அதனால் அவள் கண்ணுக்கு அவன் தெரியவில்லை, அவன் குரலும் கேட்கவில்லை. அவள் திரும்பவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"நீ வெளிய வந்து ஒரு எட்டு வெச்சிருந்தாப் போதும்," என்றாள் ரெஜினா. "எனக்குத் தெரியும். அன்னைக்குக் காலைலயே தெரிஞ்சுபோச்சு. இவரு வலியில துடிச்சிட்டு டீ குடிக்க உன் வீட்டுக்குள்ள வந்தாரு, கேட்டைத் தாண்டுனதும் வலி நின்னுபோச்சு. ஆறு மாசத்துல மொத தடவையா மனுஷன் சிரிச்சாரு வேணி. ரெண்டு மணி நேரமா சிரிச்சிட்டு இருந்தாரு. அப்பத்தான் அவங்க வந்து நின்னாங்க. நீ வெளிய போனா உன் புதன்கிழமை போயிடும்னு பயந்தேன். நான் என்ன பண்ணுவேன்?"

"என்ன பண்ணுன?"

"உனக்கு அவரைப் பார்க்க இஷ்டமில்லைன்னு சொன்னேன். நீயே சொல்லச் சொன்னதாச் சொன்னேன்."

வேணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாயிலிருந்து வராத ஒரு சொல்லை இவள் எடுத்துத் தன் வாயில் வைத்து அவனிடம் பேசியிருக்கிறாள், அந்தச் சொல் பதினோரு வருடமாக அவன் காதில் இருக்கிறது. அக்காவும் மாமாவும் திரும்பிப் போனார்களாம். அவன் மட்டும் அடுத்த வியாழனும் வந்தான். அதற்கடுத்த வியாழனும். நாலு வருடம் ஒரு வியாழன் தவறாமல் வந்தான், நர்சரியிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு ஒருநாள் லில்லி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில், கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, அவள் தண்ணீர் ஊற்றுவதையும் துணி காயப்போடுவதையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கடைசி பஸ்ஸில் போய்விடுவான். அவன் போன பிறகு செடியை அங்கேயே விட்டால் அவள் கண்ணில் படும் என்று தெருவில் ஆளுக்கொரு முறை போட்டு எடுத்துப் போய் வீட்டில் நட்டுக்கொண்டார்கள். செடியைத் தூக்கி எறிய மனசு வரவில்லையாம். அந்த மட்டுக்கும் நல்லவர்கள்.

"நீங்களும் பார்த்தீங்களா அண்ணா?" என்று வேணி சூசைராஜைக் கேட்டாள்.

"நாற்காலியே கேட்டைப் பார்த்துத்தானம்மா கெடக்கு. பார்த்தேன். என்னைப் பார்த்துக் கையை ஆட்டுவான். நானும் ஆட்டுவேன்."

அந்த நேரத்தில் அவள் ஒரு கையில் டீ டம்ளரோடு அவர் பக்கத்தில் நின்றிருப்பாள். யாருக்கண்ணா கை ஆட்டுறீங்க என்று ஒரு தடவை கேட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கொசு என்று சொல்லியிருந்தார்.

"இப்ப எங்க இருக்காரு?"

மூன்றாவது வீட்டுப் பத்மாவதி, எதையும் அடக்கி வைக்கத் தெரியாதவள், சொல்லிவிட்டாள். "கல்யாணம் ஆயிடுச்சு வேணி. ஏழு வருஷமாச்சு. காரமடைப் பொண்ணு. தெரு பூராவுக்கும் பத்திரிகை வெச்சாரு, வேன் அனுப்பிச்சாரு. எல்லாரும் போயிட்டுத்தான் வந்தோம். போகாம இருந்தா நல்லா இருக்காதுன்னு."

அந்த நாளும் அவளுக்கு ஞாபகம் வந்தது. காலையிலிருந்து தெருவில் ஈ காக்கை இல்லை, சூசைராஜ் கூடப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார், வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறார்கள் என்றார். சாயங்காலம் ரெஜினா வந்து வேலிக்கு மேல் ஒரு பொட்டலம் நீட்டினாள், லட்டு, முந்திரி போட்டது. வேணி அதைப் பாதி சூசைராஜுக்குக் கொடுத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது என்று ரெஜினாவிடம் சொல்லவும் சொன்னாள்.

நடுவர் சடகோபன் தன் அட்டையை மூடிக்கொண்டு, இந்த விஷயத்தில் தான் பேச ஒன்றும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு, மெதுவாக விலகிப் பேரிமரத்தடியில் போய் நின்றார்.

"உன் ஆளு இன்னொரு நாள் வரலாம் வேணி," என்றாள் ரெஜினா, அழவில்லை, அழுதுமுடித்த குரல். "வந்துட்டுத்தானே இருந்தாரு. என் ஆளுக்கு இருந்தது இந்த ஒரு நாள்தான். நீயே என் இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"உன்கிட்டச் சொல்லியிருப்பேன்," என்றாள் வேணி. "சொல்லிட்டு, உன் கையைப் பிடிச்சுக்கிட்டு, இரு ரெஜினா, என் புருஷனுக்காக இருன்னு கெஞ்சியிருப்பேன். நீ கேட்டிருந்தா நான் இருந்திருப்பேன். அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிட்டு இருந்திருப்பேன்." பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். "இவளுக்காவது புருஷன். உங்களுக்கு என்ன? பாலு திரியாம இருக்கறதுக்கா?"

அவளுக்கு ரெஜினாவின் மேல் வந்த கோபம் பெரிது, ஆனால் அதற்கு ஓர் உருவம் இருந்தது. பாலுக்கும் மீனுக்கும் ராகுகாலத்துக்கும் தன்னை விற்றவர்களின் மேல் வந்த கோபத்துக்கு எங்கே முடிவு என்றே தெரியவில்லை. டீ குடித்த அத்தனை முகங்களும் அங்கே இருந்தன.

ரெஜினா அந்தப் பூவுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றாள். "பூவைப் பறிச்சிராத வேணி."

"பறிக்க மாட்டேன்," என்றாள் அவள். சுவரில் சாய்த்திருந்த களைக்கொத்தையும் நாலைந்து கோணிச் சாக்கையும் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, பதினோரு வருடம் தள்ளாத கேட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

வெளியே வியாழக்கிழமை. பதினோரு வருடமும் காத்துக்கொண்டிருந்து அவள் மேல் வந்து ஏறியது. காது ஓரத்தில் நரை ஓடிற்று, முழங்கால் கனத்தது, கண்ணுக்கு முன்னால் இருந்தது மங்கிற்று. அவள் நின்று ஒரு மூச்சு விட்டுவிட்டு, முதல் வீட்டு வாசலில் குனிந்து, பச்சைத் தொண்டைப் பூவிருந்த முதல் செடியைக் கிழங்கோடு கொத்தி எடுத்தாள். மண்ணை உதறிச் சாக்கில் போட்டாள். அடுத்ததைக் கொத்தினாள். ஒரு வீடு முடித்து அடுத்த வீடு, வாசல், கொல்லை, தகர டப்பா, பிளாஸ்டிக் வாளி, எதையும் விடவில்லை. யாரும் தடுக்கவில்லை. சிலர் தங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தாங்களே திறந்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். பத்மாவதி சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்ள வந்தாள், வேணி அவள் கையை எடுத்து ஒதுக்கிவிட்டாள். இருநூறு வியாழக்கிழமைகள், மதியம் தாண்டியும் முடியவில்லை. ரெஜினாவின் வீட்டை எட்டியபோது அங்கே செடிகள் எல்லாம் ஏற்கெனவே தோண்டி வாசலில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன, வேரில் ஈரச் சாக்கு சுற்றியிருந்தது. வேணி சாக்கைப் பிரித்து வைத்துவிட்டுச் செடியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

நாலு மூட்டை ஆயிற்று. ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய் பஸ் நிறுத்தத்தில் சேர்த்துவிட்டு, ஒரு மூட்டையின் மேலேயே உட்கார்ந்தாள். மேட்டுப்பாளையம் போவதென்று தீர்மானித்திருந்தாள். அவனை அழைத்துவர அல்ல, அவனுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, அதில் ஒரு செங்கல்லைக் கூட அவள் அசைக்கப் போவதில்லை. நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இனி ஒரு நாள் போகக் கூடாது. எந்தக் கிழமையானாலும்.

ஐந்தரை மணிக்கு சூசைராஜ் வருவதை அவள் பார்த்தாள். வேலியைப் பிடித்து, கல்லைப் பிடித்து, ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு வந்தார். பதினோரு வருடம் வராத வலி ஒரே நாளில் வந்திருந்தது, முகம் சாம்பலாக இருந்தது. தூரத்தில் ரெஜினா ஓடிவந்துகொண்டிருந்தாள். அவர் கையில் மஞ்சள் தொண்டைப் பூ இருந்தது, காம்போடு.

"நானே பறிச்சிட்டேன்மா," என்றார், மூச்சு வாங்கியது. "அவ சொல்லிப் பறிச்சேன்னு நெனைக்காத. அவ வேணாம்னு கத்துனா. உன் டீயக் குடிச்சிட்டு அவனுக்குக் கையாட்டிட்டு உக்காந்திருந்தவன் நான். இதை வாங்கிக்க."

வேணி அந்தப் பூவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். தன் மீதி நாளையெல்லாம் பறித்துக் கையில் எடுத்து வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. மன்னிக்கலாமா என்று மனசுக்குள் தேடிப் பார்த்தாள், உண்மையாகவே தேடினாள், அங்கே ஒன்றும் இல்லை.

"நீங்களே வெச்சுக்குங்க அண்ணா," என்றாள்.

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ் வந்தது. டிரைவரும் கண்டக்டரும் மூட்டைகளைப் பின் சீட்டுப் பக்கம் தூக்கிப் போட்டார்கள், அவள் ஏறி அங்கேயே உட்கார்ந்தாள். ரெஜினா வந்து சூசைராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இரண்டு பேரும் பஸ்ஸை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கையில் பூ மெதுவாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. தெருவில் அன்று வீடு வீடாகப் பால் திரிந்தது.

பஸ் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்துச் சீட்டுக்காரி, காய்கறி வாங்கிக்கொண்டு போகிற ஒரு நடுவயதுப் பெண், மூட்டையிலிருந்து எட்டிப் பார்க்கிற, சுருங்க ஆரம்பித்த ரோஸ் பூக்களைக் காட்டி, "விக்கறதுக்கா கொண்டு போறீங்க?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. எனக்குன்னு ஒருத்தர் கொண்டாந்து குடுத்தது."

"இத்தனையுமா? எப்பங்க?"

வேணி புடவைத் தலைப்பால் கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு வாராவாரம் குடுத்துட்டுத்தான் இருந்தாரு," என்றாள். "எனக்கு இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு."